சின்னப்பாப்பாவின் பெயருக்கு முன்னால்

என் மாமியார் சின்னப்பாப்பாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். வைத்திக்குப்பத்தில் எங்கள் வீடு. நடுவறைச் சுவரில் மாரியம்மன் படம், அதற்குப் பக்கத்தில் முருகன், அதற்கும் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பேப்பர் துண்டு. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. ஆங்கிலப் பேப்பரில் எப்போதோ வந்த நாலைந்து வரிச் செய்தி, பழுத்து மஞ்சளாகிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மனுக்குச் சூடம் காட்டிவிட்டு, தட்டை அப்படியே நகர்த்தி அந்தப் பேப்பருக்கும் காட்டுவார் மாமியார்.

நான் அரியாங்குப்பத்திலிருந்து வாழ வந்தவள். காதல் கல்யாணம். பி.காம். படித்துவிட்டு மீன்காரி வீட்டுக்கு மருமகளாகப் போகிறாளே என்று எங்கள் பக்கத்தில் பேசாத வாய் இல்லை. போன அன்றைக்கே, பாலும் பழமும் கொடுத்த கையோடு, மாமியார் என்னை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நீ படிச்ச புள்ளதானே ஏமா, படி பாக்கலாம்" என்றார். ஹேமலதா என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை நான் ஏமாதான்.

படித்தேன். முதல் வரியிலேயே இருந்தது. 'நொட்டோரியஸ்' மீன் வியாபாரி சின்னப்பாப்பா கைது. ஊரறிந்த போக்கிரி, கெட்ட பெயர் எடுத்தவள் என்றெல்லாம் பொருள் வரும் சொல். அந்தச் சொல்லைத் தாண்டி என் கண் போகவில்லை. பக்கத்தில் நின்ற என் கணவர் செம்மல், யாரும் பார்க்காமல் என் முழங்கையை நறுக்கென்று கிள்ளினார். அந்தக் கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது.

"எப்டிக் கீது?" என்றார் மாமியார்.

"நல்லா இருக்கு அத்த" என்றேன். வேறென்ன சொல்வது? புதுப்பெண்.

கதையைச் செம்மல் பிறகு சொன்னார். எண்பதுகளில் நடந்தது. மாமியாருக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். செம்மல் கைக்குழந்தை. பெரிய மார்க்கெட்டுக்குள் இடம் கிடைக்காத பெண்கள் வெளியே சுவர் ஓரமாகக் கூடையை வைத்து மீன் விற்பார்கள். கூடைக்கு இவ்வளவு என்று தினமும் வசூல் செய்வதை எங்கள் ஊரில் அடிக்காசு என்போம். அந்த வருஷம் அடிக்காசு வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர் பலராமன் என்ற ஆள். கூடைக்கு ஒன்று, தராசுக்கு ஒன்று, உட்கார்ந்த இடத்துக்கு ஒன்று என்று கேட்க ஆரம்பித்தார். மற்ற பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். சின்னப்பாப்பா கொடுக்கவில்லை. "தராசு எங்க அம்மா வூட்டுச் சீதனம், அதுக்கு இன்னாயா உனக்குக் காசு?" என்று கேட்டாராம். பலராமன் கூடையை எட்டி உதைத்தார். அன்றைக்குப் பிடித்த சங்கரா மீன் அத்தனையும் சாக்கடையில்.

பக்கத்தில் மீன் கழுவிய தண்ணீர் வாளியோடு இருந்தது. அதைத் தூக்கி அந்த ஆள்மேல் வீசினார் மாமியார். தண்ணீர் வெள்ளை வேட்டியிலும் வாளி நெற்றியிலும் பட்டன. நெற்றியில் தையல் போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. கூடையை உதைத்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனார், உதை வாங்கிய கூடைக்காரி ஸ்டேஷனுக்கும் அங்கிருந்து ஜெயிலுக்கும் போனார். ஜாமீனில் எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கைக்குழந்தையை ஜெயிலுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம் என்று மாமனார் வீட்டிலேயே வைத்துக்கொண்டாராம். 

வெளியே வந்த சின்னப்பாப்பா மூலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "ஜெயிலுக்குப் போனவளுன்னு சொல்லுவாங்க. இந்த மூஞ்சிய வச்சிக்கினு எப்டி மார்க்கெட்டுக்குப் போறது?" என்று ஒரே பேச்சு. அவர் போகாவிட்டால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. மாமனார் கலியபெருமாளுக்கு ஒரு கால் விளங்காது, கடலுக்குப் போக முடியாது. பிரெஞ்சுக்காரர் காலத்து முறைப்படி பத்திரம் பதிகிற நொத்தேர் ஒருவரிடம் எடுபிடி வேலை. கோப்பு தூக்குவார், காப்பி வாங்கிக் கொடுப்பார், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

அந்த மனிதர்தான் ஒருநாள் ஆபீசிலிருந்து அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தார். மனைவிக்கு முன்னால் விரித்து வைத்து, "இதப் பாரு, உம் பேரு இங்கிலீஷ் பேப்பர்ல வந்துகீது. முன்னாடி நொட்டோரியஸ்னு போட்டுகீறான்" என்றார். "அப்டினா?" என்று இவர் கேட்டிருக்கிறார். நொத்தேர் ஆபீசில் நொத்தோரியத்தே என்று ஒரு பத்திரம் உண்டு. இன்னார் இன்னாருக்கு வாரிசு, இது ஊரறிந்த உண்மை என்று சாட்சி வைத்து முத்திரை குத்திக் கொடுப்பார்கள். "அந்தப் பத்திரம் வாங்க எங்க ஆபீஸ்ல பெரிய பெரிய மனுசங்க கால் கடுக்க நிக்கிறாங்க. உனக்கு ஓசிலயே குடுத்துட்டான். சின்னப்பாப்பான்னா ஊருக்கே தெரியும், பெரிய மனுசின்னு அர்த்தம்" என்றாராம் மாமனார்.

மறுநாள் காலை சின்னப்பாப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். போகிற வழியில் சட்டம் போடும் கடையில் அந்தப் பேப்பரைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு பலராமன் முன்னால் அவர் தலை குனிந்ததே இல்லை என்று கூட விற்ற பெண்கள் இன்றும் சொல்வார்கள்.

மாமனார் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? கேட்க ஆள் இல்லை. நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வளர்ந்து பள்ளிக்கூடம் போய் அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்ட செம்மல் வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்திருப்பார்கள். ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மாமியார் வாய்க்கு அவ்வளவு பயம். பயம் மட்டும் என்றால் அது பொய். அந்தச் சட்டத்துக்கு முன்னால் நிற்கும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதை அணைக்க யாருக்கு மனசு வரும்?

இதற்கிடையில் அந்தச் சொல் எங்கள் தெருவுக்குள் இறங்கிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளையாவது நல்ல மார்க் வாங்கினால் "நொட்டோரியஸ் புள்ளடி அது" என்பார் மாமியார். அவர் சொல்வதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். செம்மல் ஃபைபர் படகு வாங்கியபோது முகப்பில் அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். "பெயிண்டருக்கு ஸ்பெல்லிங் தெரியாதாம்மா" என்று சொல்லி, அம்மா பெயரை மட்டும் எழுதி வைத்துத் தப்பித்தார் செம்மல். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

போன பிப்ரவரியில்தான் வந்தது வினை. கல்லூரி ஆசிரியை தாமரைச்செல்வி என்பவர் மார்க்கெட்டில் மாமியாரின் கூடைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, மகளிர் தினத்துக்கு உழைக்கும் பெண்கள் நான்கு பேருக்கு மேடையில் பொன்னாடை போடப்போகிறோம், நீங்களும் வர வேண்டும் என்று கூப்பிட்டாராம். மாமியார் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் பேப்பர எடுத்துக்கினு போவப்போறேன் ஏமா. மைக்குல படிக்கச் சொல்லுவேன். சனங்க கேக்கட்டும்!"

எனக்கு உயிரே போய்விட்டது. எதற்கு அத்தை, கண்ணாடி உடைஞ்சிடும் என்றேன். துணியில் சுத்திக்கலாம் என்றார். பேப்பர் பழசு, படிக்கவே முடியாது என்றேன். "நீ வந்தன்னைக்குப் படிச்சியே!" என்றார். செம்மலிடம் போய் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்றால், "வலை பின்னணும்" என்று கடற்கரைக்கு ஓடிவிட்டார். ஆம்பளைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில் எங்கிருந்துதான் வேலை வருமோ!

அன்வர் பாயைத் தேடிப் போனேன். அன்வருதீன் தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக மாமியாரிடம்தான் மீன் வாங்குகிறார். அவர் சொன்னால் மாமியார் கேட்பார். நீங்கள் ஏதாவது சொல்லி அந்தச் சட்டத்தை வீட்டிலேயே வைக்கச் செய்யுங்கள் என்று கெஞ்சினேன்.

 "அந்தச் செய்தி எங்க ஆபீஸ் வழியாதான்மா போயிருக்கும்" என்றார். "அப்பல்லாம் இங்க இருக்கற நிருபர் மெட்ராசுக்குத் தந்திதான் அடிப்பாரு. வார்த்தைக்குக் காசு. அதனால மொட்டையாதான் போவும். மீன்காரி, குத்தகைக்காரர், வாளி, கைது. அவ்ளோதான். அடைமொழிக்கெல்லாம் எவன் காசு குடுப்பான்? அங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கறவருதான் அதுக்குச் சட்டை மாட்டி விடுவாரு. திருடன்னா நொட்டோரியஸ். சாராயம்னா நொட்டோரியஸ். ஏழபாழ ஸ்டேஷனுக்குப் போனாலே நொட்டோரியஸ். ஒரு பழக்கம்மா அது. உன் மாமியாரு கறுப்பா செவப்பான்னு அவருக்குத் தெரியாது."

"முகம் தெரியாத ஆளு எழுதினதுக்கா பாய் இவ்வளவு வருஷம் சூடம் காட்டினாங்க?" என்றேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா. மேடையில யாரோ ஒரு புள்ள படிச்சுட்டு முழிக்கறதுக்கு முன்னாடி, வூட்டுல நீ சொல்லிடு."

சொல்வது சுலபம். அந்த வீட்டில் சோறு தின்பது நான்தானே! வழியெல்லாம் பாயை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அவர் சொன்னது சரி என்றும் தெரிந்தது.

மத்தியானம் மாமியார் வியாபாரம் முடிந்து வந்து பின்கட்டில் கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பெரிய மனுஷி என்று அர்த்தம் இல்லை அத்தை, ஊருக்கே தெரிந்த கெட்ட ஆளுக்கு முன்னால் போடுவது என்று சொன்னேன். 

கூடையைத் தேய்க்கும் கை நிற்கவில்லை. அடியைத் தேய்த்தார், விளிம்பைத் தேய்த்தார், ஏற்கெனவே தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார். வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அவருக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

மாமனாரைக் கேட்கிறார். "தெரிஞ்சிருக்காது அத்த. பிரெஞ்சுப் பத்திரத்து வார்த்தைன்னு நெனச்சிட்டாரு" என்றேன்.

"இல்ல. தெரிஞ்சுதான் சொல்லிச்சு அந்த மனுசன். அன்னைக்கு அது என் மூஞ்சப் பாத்துப் பேசல. பேப்பரப் பாத்தே பேசிச்சு." கூடையைக் கவிழ்த்து வைத்தார். "நான் எழுந்துக்கணும்னு சொல்லிகீது. பாவம்."

 அந்த வாரம் முழுக்க வியாபாரத்துக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார் என்று பேர் பண்ணினார். வெள்ளிக்கிழமை சூடத் தட்டு முருகனோடு நின்றுவிட்டது. சட்டத்தைக் கழற்றவும் இல்லை, அதன் பக்கம் திரும்பவும் இல்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நான் அடுப்படியில் நின்று அழுதேன். விழாவுக்கு வரமாட்டார் என்றே நினைத்தோம்.

விழாவுக்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டார். "ஏமா, எம் பேருக்கு முன்னாடி அது போட்டுகீறான், சரி. அந்தாளு பேருக்கு முன்னாடி இன்னா போட்டுகீறான்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அந்த முதல் வரியைத் தாண்டிப் படித்ததே இல்லை. ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றி, சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் படித்தேன். பலராமன் பெயருக்கு முன்னாலும் ஒரு சொல் இருந்தது. ரெஸ்பெக்டபிள்.

"அப்டினா?"

"மரியாதைக்குரியவர், கண்ணியமானவர்."

"ஓகோ" என்றார். ரொம்ப நேரம் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "துணியில சுத்தி வை. எடுத்துக்கினு போவணும்."

மண்டபத்தில் நல்ல கூட்டம். மார்க்கெட் பெண்கள் பின்வரிசைகளில், கல்லூரிப் பெண்கள் முன்னால். நானும் செம்மலும் நடுவில். பொன்னாடை போட்டு, ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசுங்கம்மா என்றார்கள். மாமியார் விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் துணியைப் பிரித்தார். நிகழ்ச்சியைத் தொகுத்த சுடர்விழி என்ற மாணவியிடம் சட்டத்தைக் கொடுத்து, "படிம்மா. தமிழ்லயும் சொல்லு" என்றார்.

அந்தப் பெண் படிக்கத் தொடங்கி முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். முகம் சிவந்துபோனது. தாமரைச்செல்வி எட்டிப் பார்த்துவிட்டு மைக்கை வாங்கப் போனார். மாமியார் கையால் தடுத்தார்.

"கூசாத கண்ணு. எனக்குத் தெரியும். படி."

அவள் படித்தாள். கெட்ட பெயர் எடுத்த மீன் வியாபாரி சின்னப்பாப்பா என்று சன்னமான குரலில் தமிழிலும் சொன்னாள்.  எனக்கு எங்காவது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"அந்தாளு பேருக்கு முன்னாடி இருக்கறதையும் படி."

மரியாதைக்குரிய வியாபாரப் பிரமுகர் பலராமன் என்று படித்தாள்.

மாமியார் மைக்குக்குக் கிட்டே வந்தார். "கூடைய ஒதச்சவன் அவன்" என்றார். "சாக்கடைல கெடந்த மீன நான் ஒவ்வொண்ணா பொறுக்குனேன். பேப்பர் எழுதுனவருக்கு என்னையும் தெரியாது, அவனையும் தெரியாது. எங்கூட்டுக்காரரு என்னை எழுப்பி உக்கார வைக்க ஒரு பொய் சொன்னாரு. அத நம்பி நாப்பது வருசம் நிமிந்து நின்னுட்டேன். அதுக்கு நான் வெக்கப்படல."

கைதட்டப் போனார்கள். அவர் பேச்சு முடியவில்லை. 

"அதுல எழுதாத ஒண்ணு கீது. அன்னைக்கு எனக்குக் கைக்கொழந்த. ஜெயில்ல மாருல பால் கட்டிக்கினு நெஞ்செல்லாம் நெருப்பா எரியும். சுவத்துல பீச்சி வுடுவேன். ஜாமீன்ல வந்து தூக்குனேன், பால் வத்திப் போச்சு. கொழந்த வாய வச்சிட்டு மூஞ்ச நிமித்தி என்னைப் பாக்குது. மறுபடி வாய வைக்கிது, மறுபடி பாக்குது. பக்கத்துக் கூடைக்காரி அமுதவல்லிதான் தன் புள்ளைக்கு இருந்த பால்ல பாதிய குடுத்தா. அத ஒரு வரி எழுதியிருக்கலாம். முன்னாடி எத வேணா போட்டுக்கட்டும்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பாதித் தாடி நரைத்த அந்தக் குழந்தைக்கும் தெரியாது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் செம்மல் எழுந்து, நாற்காலிகளை இடித்துக்கொண்டு, மேடைப்படி ஏறிவிட்டார். ஆயிரம் வேலை சொல்லி ஓடுகிற மனிதர், அத்தனை பேர் பார்க்கத் தன் அம்மாவுக்கு முன்னால் போய் மண்டியிட்டார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மாமியார் பொன்னாடை நுனியால் மகனின் முகத்தைத் துடைத்தார்.

"சொல்லி இன்னாடா ஆவப்போவுது? சொன்னா அன்னைக்குப் பசி தீந்துடுமா?"